இதுக்கு மட்டும் ஜெபம் பண்ணாதீங்க

அன்புள்ள ரூபனுக்கு,

ஓசூரில் நீயும் ஜெனியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி, ஆம்பூரிலிருந்து உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பாய். பண்ணினால் நீ எடுக்கத்தான் செய்வாய். "ம்", "சரி சித்தப்பா", "வச்சிட்றேன்" என்பாய். கடிதமென்றால் நீ பாதியில் வைக்க முடியாது. மடித்துப் போடலாம், ஆனால் மடித்துப் போட்டதை யாருக்கும் தெரியாமல் திரும்பப் பிரித்துப் படிக்கவும் செய்யலாம். அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் சபை ஆண்டு மலருக்கு ‘ஜெபத்தின் வகைகளும் அன்றாட வாழ்க்கையும்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். சபையில் எம்.ஏ. படித்தவர்கள் இருக்கிறார்கள், காலேஜில் பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், இருந்தும் செயலாளர் வீடு தேடி வந்து, "ஜெபம்னா உங்கள விட்டா யாருண்ணே" என்று அரை மணி நேரம் கெஞ்சினார். இல்லை, உன் சித்தி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். ஒரு தடவைதான் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நான் சரி என்றுவிட்டேன். நான் படித்தது எட்டாவதுதான் என்றாலும் அந்தக் காலத்து எட்டாவது. தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதம் மாதிரி எழுதினால் வாசிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று யோசித்து, ‘என் அன்பு மகனே’ என்று ஆரம்பித்தேன். அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறது என்றுதான் நினைப்பு. உன் அம்மாவும், அவளுக்குப் பின்னாலேயே என் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து நீ என் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கும் வேறு பிள்ளை இல்லை. ஆனால் அந்த ‘மகனே’யைத் தாண்டிக் கட்டுரை போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை உன் சித்தி மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊறுகாய்க்கு இது காலமில்லையே, மார்க்கெட்டில் தேடித்தான் வாங்கியிருக்க வேண்டும். "இது யாருக்கு?" என்றேன். "ஜெனிக்கு. வாய்க்கு ஒண்ணும் ருசிக்கலியாம்" என்று சொன்னவள், சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கினேன், நான் எப்போதும் தூக்குகிற மாதிரி. அவள் எழுந்து வந்து, மாங்காய்ச் சாறு பட்ட கையாலேயே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "உங்க காலப் புடிச்சிக் கேக்குறேன். இதுக்கு மட்டும் நீங்க ஜெபம் பண்ணாதீங்க."

அவளைக் கோபித்துக்கொள்ளாதே ரூபன். நாலு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், ஒரு மாங்காயில் வழுக்கிவிட்டாள். நீங்கள் அவளிடம் சொன்னதும், என்னிடம் சொல்லாததும் நியாயம்தான் என்று எழுதவே இதைத் தொடங்கினேன். ஜெபத்துக்குப் பேர்போன மனுஷனிடம், கூடவே வாழ்ந்த பெண்டாட்டி, ஜெபம் பண்ணாதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறாள் என்றால், அவன் எத்தனை வருஷமாக என்ன பண்ணிக்கொண்டிருந்தான் என்று அவனே உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? பார்த்தேன். மலருக்கு எழுத நினைத்த அதே வகைகளை வைத்துத்தான் பார்த்தேன்.

முதலில் சாப்பாட்டு ஜெபம். உனக்கு நினைவிருக்கும், நான் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் ஆரம்பித்தால் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதிலிருந்து தொடங்கி, மழை, விளைச்சல், மீன்பிடிக்கிறவர்கள், லாரி டிரைவர்கள் என்று வந்து, நம் வீட்டுத் தட்டுக்கு வருவதற்குள் சோறு ஆறிவிடும். ஒரு நாள் நான் மீனவர்களுக்காகக் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது ஒரு பூனை வந்து வறுத்த மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பூனை என்று நான் சொல்வேன், உன் சித்தி ஒன்று என்பாள். நீ ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், ஜெபத்தில் பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் உன்னையே ஜெபிக்கச் சொன்னேன். "இயேசப்பா, சோறு இருக்குது, சித்தி இருக்குறாங்க, ஆமென்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாய். "என்னடா, என்னை விட்டுட்டே?" என்று கேட்டேன். "நீங்கதான் தெனமும் அவர்கிட்ட பேசிக்கினே கீறீங்களே சித்தப்பா, அவருக்கே தெரியும்" என்றாய். அதைப் பெரிய ஜோக்காகச் சபையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உனக்கு வெட்கமாக இருந்திருக்கும், இப்போதுதான் தோன்றுகிறது. நீ சொன்னதைக் கதையாக்கியதில் அதுதான் முதல் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஸ்தோத்திர ஜெபம், அவருடைய நன்மைகளைச் சொல்லித் துதிப்பது. தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தபோது நான் தோலைக் கட்டைவிரலால் தடவியே இது எந்த ஊர் மாடு என்று சொல்லிவிடுவேன். இல்லை, ஊர் சொல்ல மாட்டேன், தழும்பு எங்கே இருக்கிறது என்று சொல்வேன். தோல் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரு லாட் சரக்கையே திருப்பி அனுப்பப் போகிறார் என்று முதலாளி வியர்த்துக்கொண்டிருந்த காலையில், அடுக்கின் மேல் கையை வைத்து நான் ஜெபித்தேன். பையர் வந்தார், மேலே இருந்த தோல்களைப் புரட்டினார், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இந்தச் சாட்சியை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன், நீயே கேட்டிருக்கிறாய். கூட வேலை பார்த்த பஷீர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டுவான். "அல்லா பெரியவன்தான் தோஸ்த். ஆனா நீ கண்ண மூடிக்கினு இருந்தப்போ தழும்பு ஜாஸ்தி இருக்குற தோலையெல்லாம் அடியில சொருவுனது நானு." அதைச் சாட்சியில் நான் சேர்த்ததே இல்லை. தழும்புள்ள தோலுக்குப் பூச்சு கொஞ்சம் கனமாகக் கொடுப்பது எங்கள் தொழில். ஆண்டவருடைய புகழுக்கும் நான் அப்படித்தான் பூச்சுக் கொடுத்தேன், பாதி அவர் மேலும் பாதி என் மேலும் படிகிற மாதிரி.

பாவ அறிக்கை ஜெபத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்கிறோம். அதில் எப்போதும் நான் ஒரு வார்த்தை முந்திப் போவேன், மனப்பாடம் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிய வேண்டும். எல்லாரும் சேர்ந்து பாவி என்று சொல்லும்போது யாருக்கும் வலிப்பதில்லை. ஆலயத்தை விட்டு வெளியே வந்து, ஒரு ஆள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இனி மன்றாட்டு. மற்றவர்களுக்காகக் கேட்கும் ஜெபம். இதில்தான் என் பெயர் பேரணாம்பட்டு வரைக்கும் பரவியிருந்தது. நம் ஊரில் ஒருத்தர் வீட்டுச் சங்கதியை இன்னொருத்தரிடம் சொன்னால் அது புறணி. சொல்லிவிட்டுக் கடைசியில் ‘ஜெபத்துல வச்சிக்குங்க’ என்று சேர்த்தால் அது ஜெபக்குறிப்பு. எனக்கு வராத ஜெபக்குறிப்பு கிடையாது. வீட்டு ஜெபத்தில் மைக்கைக் கையில் கொடுத்தால், வந்ததையெல்லாம் வரிசையாக எடுத்து, உருக்கத்துக்கு இரண்டு வார்த்தை சேர்த்து, மேலே ஏற்றிவிடுவேன். மேல் தெருவில் ஒரு பெண் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, ‘பச்சை கேட் வீட்டுக் குடும்பத்தை நினைத்தருளும்’ என்று ஆரம்பித்து அந்தப் பையன் என்ன வேலை செய்கிறான் என்பது வரைக்கும் ஆண்டவருக்குத் தெரிவித்தேன். ஸ்பீக்கர் பாக்ஸ் தெருவைப் பார்த்து இருந்தது. மறுநாள் டீக்கடையில் பஷீர் கேட்டான். "இன்னா தோஸ்த், உங்க சாமிக்கு அட்ரஸெல்லாம் சொன்னாத்தான் தெரியுமா? பச்சை கேட்டுன்னு சொல்லலேன்னா வேற ஊட்டுக்குப் போய்டுவாரா?" எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த வாரமும் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். வராமல் எத்தனை பூனையையும் மாட்டையும் இழுத்து வந்தேன் பார்.

நீ போனில் கூப்பிட்டாய். உன் குரல் சரியாக இல்லை. "சித்தப்பா, ஜெனிக்கு இந்த தடவையும் நிக்கல. ரெண்டாவது தடவ. யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவ அம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்." ‘உங்களுக்கு மட்டும்’ என்று நீ சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அந்த நேரத்தில் உன் வேதனையைவிட அந்தப் பெருமைதான் எனக்குப் பெரிதாகக் கேட்டது. இது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். கொஞ்ச நாள் கழித்து சபை அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் வந்தீர்கள். நம் வீட்டில் ஜெபம் வைத்திருந்தேன். கணியம்பாடியிலிருந்து ஜெனியின் அம்மாவும் வந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்தோத்திரத்தில் தொடங்கினேன், நன்றியில் ஏறினேன், மன்றாட்டில் வந்து நின்றபோது கூட்டம் ‘ஆமென், ஆமென்’ என்று என்னைத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நாக்கின் நுனியில் எது இருக்கிறதோ அது வந்துவிடும் ரூபன். ‘இரண்டு முறை பூத்து உதிர்ந்த என் மருமகளின் வயிற்றைப் பாரும்’ என்றேன். ஆமென் என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சத்தம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று, ‘வைத்தியர்கள் கைவிட்டாலும் நீர் கைவிடாதவர்’ என்றும் சேர்த்தேன். எந்த வைத்தியர் கைவிட்டார்? நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

கண்ணைத் திறந்தபோது ஜெனி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அவளுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஒவ்வொருத்தராக அடுப்படிக்குள் போய் அவள் தலையில் கை வைத்தார்கள், ஒருத்தி ஜெப எண்ணெய் பாட்டிலைக் கொடுத்தாள், ஒருத்தி யார் செய்த பாவமோ என்று யோசிக்கச் சொன்னாள். நீ பையைத் தூக்கிக் காரில் வைத்தாய். வழக்கம் போலப் பிரயாண ஜெபம் பண்ணலாம் என்று கார் முன்னால் வந்து கையைத் தூக்கினேன். நான் ‘பரலோகப் பிதாவே’ என்பதற்குள் நீ பின்னால் எடுத்து வண்டியைத் திருப்பிவிட்டாய். தெருவில் தூக்கிய கையோடு நான் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "புள்ளைங்க ரெண்டும் ஆவியில நெறஞ்சி, பேச முடியாம போறாங்க" என்றேன். அதையும் நம்பினார்கள். எனக்கும் ஒரு வாரத்தில் அது நிஜமாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டுக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், ஓசூரில் உனக்கு லீவே கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், உன்னை விட்டால் அந்தக் கம்பெனியே நின்றுவிடும் என்று சொல்லிவைத்தேன்.

மாங்காய்க்குத் திரும்புகிறேன். கையை இறக்கிய உன் சித்தியிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஜெபம் பண்றது ஒரு குத்தமா?" என்று கத்தினேன். அவள் திரும்பக் கத்தவில்லை. மாங்காயை நறுக்கிக்கொண்டே பேசினாள். "நமக்குப் புள்ள இல்லன்னு எத்தினி ஊட்டு ஜெபத்துல எத்தினி பேர் என் வயித்துக்கு ஜெபம் பண்ணாங்க. பெருசா ஆமென் போட்டது நீங்க. ஒவ்வொரு தபாவும் நான் எழுந்து டீ போடப் போனேனே, டீக்கு அவ்ளோ அவசரம்னா நெனச்சீங்க?"

ரூபன், நான் அப்படித்தான் நினைத்தேன். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், ‘எங்க ஊட்டுல ஆமென் சொல்லி வாய மூடுறதுக்குள்ள டீ வந்துடும், என் ஊட்டுக்காரி அப்படி’ என்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கிறேனா? இப்போது கேட்டேன். "அடுப்புகிட்ட நின்னு இன்னா பண்ணே?"

"பால் பொங்குறத பாத்துனு நின்னேன்."

"ஜெபம் பண்ணலியா?"

"அதான் ஜெபம். எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றாள். அடுத்த மாங்காயை எடுத்துக்கொண்டு, "அன்னிக்கி ஜெனி அங்கதான் வந்து நின்னுச்சி. நான் ஒண்ணும் சொல்லல. டம்ளர எடுத்துக் குடுத்தேன், அது தொடைச்சி வச்சுது" என்றாள்.

மலருக்கு வகைகளைப் பட்டியல் போட்டேனே, இந்த வகை அதில் இல்லை. வேதத்தில், பிள்ளை கேட்டு ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்ட ஒரு அம்மாவைக் குடிகாரி என்று நினைத்த ஆசாரியரைப் பற்றி நானே பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அந்தக் கிழவருக்கு இவ்வளவுகூடத் தெரியவில்லையே என்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் அதே ஜெபம் நடந்துகொண்டிருந்தது, நான் டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வேலூர் போய், அங்கிருந்து கணியம்பாடி போனேன். ஜெனியின் அம்மா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சம்பந்தி, இன்னா திடீர்னு?" என்று பதறினார்கள். உட்காராமலே சொன்னேன். "டாக்டர் கைவிட்டுட்டாங்கன்னு அன்னிக்கி நான் சொன்னது பொய்யி. யாரும் அப்படிச் சொல்லல. ஜெபம் நல்லா இருக்கணும்னு நானா சேத்துக்கினது." அவர்கள் கையிலிருந்த கூடையை வைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, அப்படியே நின்றார்கள். "இத்தினி நாளும் அதையே நெனச்சி நெனச்சி நான் அவகிட்ட சரியா பேசக்கூட இல்லியே சம்பந்தி. பேசுனா அழுதுருவேன்னு பயம்" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை. மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜெனி இப்போதைய சங்கதியை அவர்களிடம் சொல்லியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சு விடவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, தாயையும் மகளையும் ஒரு வருஷம் பேசவிடாமல் வைத்தது என் ஒரே ஒரு வார்த்தை என்று நினைக்க நினைக்க, பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூட நான் பேச்சுக் கொடுக்கவில்லை. அது எனக்கு எப்பேர்ப்பட்ட காரியம் என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிறு. வீட்டு ஜெபம் இந்த வாரம் நம் வீட்டு முறை. பாட்டு முடிந்து, செயலாளர் மைக்கை என் கையில் கொடுத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி கேட்டாள். "அண்ணே, ரூபன் ஊட்டுல ஏதாச்சும் விசேஷமா? இருந்தா சொல்லுங்க, ஜெபத்துல வச்சிக்கிறோம்." எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் வாய்க்குள் ஒரு முழு ஜெபமே தயாராக இருந்தது. காய்ந்த கிளை, பாறையில் ஊற்று, எல்லாம் இருந்தது. நான் பண்ணியதிலேயே பெரிய ஜெபமாக வந்திருக்கும். கூட்டம் அழுதிருக்கும். அடுப்படி வாசலில் உன் சித்தி தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் இல்லமா. எல்லாரும் சுகமா கீறாங்க" என்றேன்.

இதுவும் பொய்தானே என்று நீ கேட்கலாம். பொய்தான். இது வரைக்கும் நான் சொன்னவை எல்லாம் கூட்டிச் சொன்ன பொய்கள். குறைத்துச் சொன்னது இதுதான் முதல். மைக்கைத் திரும்பச் செயலாளர் கையிலேயே கொடுத்தேன். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"இன்னா, இங்க வந்துட்டீங்க? மைக்கு?" என்றாள் உன் சித்தி.

"குடுத்துட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் நகர்ந்து அடுப்புக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். கையில் வடிகட்டியைக் கொடுத்தாள். கூடத்தில் செயலாளர் ஜெபம் பண்ணுவது கேட்டது. இங்கே பால் ஓரத்தில் நுரைத்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஜெபத்தில் கண்ணை மூட முடியாது, மூடினால் பொங்கிவிடும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெனி அன்றைக்கு நின்ற இடம் அதுதானே என்று நினைத்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இதற்கு மேல் எழுதினால் ஏதாவது சேர்த்துவிடுவேன், அதனால் அங்கேயே விடுகிறேன்.

மலருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்தத் தாள்கள் உனக்கு மட்டும். ஜெனியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று உன்னைத் தூது அனுப்ப மாட்டேன். அது மறுபடியும் ஒரு ஆளை வைத்துப் பேசுவது. அவள் கேட்கத் தயாராக இருக்கிற நாளில், அவள் சொல்கிற இடத்தில், நானே சொல்கிறேன். அப்படி ஒரு நாள் வராவிட்டாலும் ஊறுகாய் வரும். பாட்டிலை உன் சித்தி துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவாள். யாருக்கு என்று அவர்கள் கேட்டால் ரூபனுக்கு என்றுதான் சொல்வோம்.

கடிதம் எழுதினால் கடைசியில் ‘உனக்காக இடைவிடாமல் ஜெபிக்கும் சித்தப்பா’ என்று போட்டுத்தான் எனக்குப் பழக்கம். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இப்போதும் கை அங்கேதான் போனது. உன் சித்தி டீயை வைத்துவிட்டு, காலியாக இருந்த அந்த இடத்தையும் என்னையும் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சித்தப்பா